எண்ணுக்கு எல்லை வகுக்காத பாபேஜ்



நம் மன்றத்தின் ஆண்டு மலருக்கு அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தனர். இலக்கிய மாணவர் பலர் இருக்க, இயற்பியல் படிக்கும் எனக்கு இப்பணி ஏன் என்று முதலில் தயங்கினேன். பின்பு, சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்த ஒரு தலைக்குனிவு நினைவுக்கு வந்தது. அத்தலைக்குனிவே என்னை ஓர் அறிஞரிடம் கொண்டு சேர்த்தது. ஆதலின் அதனை மறைக்காமல் சொல்லிவிட்டே அவர் வரலாற்றைத் தொடங்குகிறேன்.

23 துகள்களை எத்தனை வரிசைகளில் அடுக்கலாம் என்ற எண் எனக்குத் தேவைப்பட்டது. 1 முதல் 23 வரையுள்ள எண்களை ஒன்றோடொன்று பெருக்கிவிட்டால் விடை கிடைத்துவிடும். சி மொழியில் ஆறு வரிகளில் ஒரு நிரல் எழுதினேன். கண் இமைக்கும் நேரத்தில் கணிப்பொறி 8128291617894825984 என்று விடை தந்தது. பத்தொன்பது இலக்கங்கள்! இவ்வளவு பெரிய எண்ணை என் பொறி தந்துவிட்டதே என்று பூரித்தேன். விடுதியில் என் அறைத்தோழர் ஒருவரும் அதே எண்ணை என்னிடம் வாங்கித் தம் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வகுப்புக் கருத்தரங்கில் அந்த எண்ணைத் திரையில் காட்டினேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த பேராசிரியர் ஒருவர் மெல்ல எழுந்து, இடையில் எங்கேனும் பத்தால் பெருக்கினீரா என்று கேட்டார். பெருக்கினேன் என்றேன். அப்படியாயின் கடைசி இலக்கம் நான்காக முடிந்தது எப்படி என்று கேட்டுவிட்டு அமர்ந்துவிட்டார். பத்தால் பெருக்கிய எண் சுழியில் முடியும் என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போயிற்று. பொறி சொன்னதால் நம்பிவிட்டேன். என்னை நம்பிய அறைத்தோழர் இரண்டு வார உழைப்பை மீண்டும் தொடங்க நேர்ந்தது. அவர் என்னை ஒரு சொல்லும் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

அன்றிரவு, நான் அண்ணா என்று அழைக்கும் மூத்த மாணவர் ஒருவர் என் அறைக்கு வந்தார். அதே கணக்கைப் பைத்தான் மொழியில் எழுதச் சொன்னார். 25852016738884976640000 என்று விடை வந்தது. இருபத்து மூன்று இலக்கங்கள். இறுதியில் நான்கு சுழிகள். ஒரே கணிப்பொறி ஒரு மொழியில் பொய்யும் மற்றொரு மொழியில் மெய்யும் சொன்னது ஏன் என்று வியந்தேன். தம்பி, இதைப் பைத்தானை ஆக்கியவர்களிடம் கேட்பதற்கு முன் பாபேஜிடம் கேள் என்று சொல்லி, 1864-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்று நூலை நூலகத்தில் தேடிப் படிக்கச் சொன்னார். அந்த நூலும், அதற்குப் பின் நான் தேடிப் படித்தவையும் தந்த செய்திகளையே இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பிறப்பும் படிப்பும்

சார்லஸ் பாபேஜ் 1791-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தை பெஞ்சமின் பாபேஜ் வங்கித் தொழில் நடத்திய செல்வர். பிள்ளைப் பருவத்தில் பாபேஜ் நோய்வாய்ப்பட்டே வளர்ந்தார். ஆயினும் எந்தப் பொம்மை கையில் கிடைத்தாலும் அதனுள்ளே என்ன இருக்கிறது என்று அறியாமல் விடமாட்டார். விளக்கம் கிடைக்காவிடில் உடைத்துப் பார்த்துவிடுவார். அன்னை அவரை ஒரு முறை பொறிகளின் கண்காட்சிக்கு அழைத்துச் சென்றார். அங்கே தானே அசைந்து ஆடிய வெள்ளிப் பதுமை ஒன்று சிறுவனின் உள்ளத்தைக் கவர்ந்தது. பல ஆண்டுகள் கழித்து அப்பதுமை ஏலத்துக்கு வந்தபோது, அதனை வாங்கிப் பழுது நீக்கித் தம் இல்லத்தில் வைத்துக்கொண்டார் என்றால் அவருடைய ஆர்வத்தை என்னென்பது!

1810-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே நுண்கணிதம் நியூட்டன் வகுத்த பழைய குறியீட்டிலேயே கற்பிக்கப்பட்டு வந்தது. ஐரோப்பாவின் பிற நாடுகளோ லைப்னிட்சின் எளிய குறியீட்டைக் கைக்கொண்டு வெகுதூரம் முன்னேறியிருந்தன. நியூட்டன் நம் நாட்டவர் என்பதற்காகப் பின்தங்குவதா என்று சினந்த பாபேஜ், ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் ஆகிய நண்பர்களோடு சேர்ந்து 1812-இல் ஒரு மாணவர் கழகம் தொடங்கினார். நம்மைப் போன்ற மாணவர்கள்தாம் அவர்கள். அந்தச் சிறு கழகம் நாளடைவில் கேம்பிரிட்ஜின் கணிதப் பாடத்தையே மாற்றியமைத்தது. மாணவர் மன்றங்கள் விழா எடுப்பதற்கு மட்டும் உரியவை அல்ல என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

1814-இல் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஜார்ஜியானா என்ற நங்கையை மணந்தார். 1816-இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு.

பிழை மலிந்த அட்டவணைகள்

அக்காலத்தில் கடலோடிகளும், வானநூலாரும், பொறியாளரும் அச்சிட்ட எண் அட்டவணைகளையே நம்பியிருந்தனர். மடக்கை, சைன், விண்மீன்களின் இடம் எல்லாவற்றுக்கும் அட்டவணை. அவற்றை மனிதர்களே கணித்தனர், மனிதர்களே படியெடுத்தனர், மனிதர்களே அச்சுக் கோத்தனர். மூன்று இடத்திலும் பிழை புகுந்தது. நடுக்கடலில் ஓர் இலக்கம் பிழைத்தால் கப்பல் பாறையில் மோத வேண்டியதுதான்.

1821-இல் பாபேஜும் ஹெர்ஷலும், இருவர் தனித்தனியே கணித்த வானியல் அட்டவணைகளை எதிரெதிரே வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தனர். பக்கத்துக்குப் பக்கம் பிழைகள் தென்பட்டன. சலிப்புற்ற பாபேஜ், இக்கணக்குகளை நீராவி செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஏங்கினார். அந்த ஏக்கமே அவருடைய எஞ்சிய ஐம்பது ஆண்டுகளையும் ஆட்கொண்டது.

அவர் முதலில் எண்ணியது வேறுபாட்டுப் பொறி. அதன் உட்பொருள் எளிது. 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்களை எழுதுங்கள். அடுத்தடுத்த எண்களின் வேறுபாடு 3, 5, 7, 9 என்று வரும். அவ்வேறுபாடுகளின் வேறுபாடோ எப்போதும் 2. ஆகவே பெருக்கலே இன்றி, கூட்டிக்கொண்டே போனால் வர்க்க அட்டவணை முழுவதும் பிறந்துவிடும். கூட்டல் மட்டும் போதுமாயின் பற்சக்கரங்கள் அதனைச் செய்யும். 1822-இல் ஒரு சிறு மாதிரியைச் செய்து காட்டினார். 1823-இல் ஆங்கில அரசு பொருளுதவி தொடங்கியது.

இங்கே ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். சக்கரம் ஏதேனும் இடம் பிசகினால் பொறி இறுகி நின்றுவிட வேண்டும், நிற்பது குற்றமன்று, தவறான எண்ணைத் தருவதே குற்றம் என்பது பாபேஜ் வகுத்த நெறி. அச்சுக் கோப்பவர் கையால் பிழை புகாதிருக்க, விடையைப் பொறியே அச்சுத் தகட்டில் பதிக்க வேண்டும் என்றும் திட்டமிட்டார். என் சி நிரல் இறுகி நின்றிருந்தால் நான் கருத்தரங்கில் தலைகுனிந்திருக்க மாட்டேன்.

துயரமும் தோல்வியும்

1827-ஆம் ஆண்டு பாபேஜுக்குக் கொடிய ஆண்டாக அமைந்தது. தந்தை மறைந்தார், அன்பு மனைவி மறைந்தார், பிள்ளைகளில் இருவர் அதே ஆண்டில் மறைந்தனர். உள்ளம் உடைந்த பாபேஜ் ஐரோப்பாவில் நெடும்பயணம் மேற்கொண்டார். அயல்நாட்டில் இருந்தபோதே, 1828-இல், நியூட்டன் வீற்றிருந்த கேம்பிரிட்ஜ் கணிதப் பேராசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. 1839 வரை அப்பதவியில் இருந்தார். ஆனால் அங்கே பாடம் நடத்தவில்லை. அவர் மனம் முழுவதும் பொறியிலேயே இருந்தது.

வேறுபாட்டுப் பொறிக்கு ஏறத்தாழ 25,000 உறுப்புகள் வேண்டியிருந்தன. ஒன்றுபோல் மற்றொன்றைத் துல்லியமாகக் கடைந்தெடுப்பது அந்நாளில் எளிதன்று. ஜோசப் கிளமென்ட் என்ற தேர்ந்த கைவினைஞர் அப்பணியை ஏற்றார். 1832-இல் பொறியின் ஏழில் ஒரு பங்கு முடிந்து, பிழையின்றி இயங்கிற்று. மறு ஆண்டிலேயே இருவருக்கும் பணத்தகராறு மூண்டு வேலை நின்றது. பின்னர் அரசின் வானநூலாராகிய ஜார்ஜ் ஏரி இப்பொறியால் பயனில்லை என்று கருத்துரைத்தார். 1842-இல் அரசு கைவிட்டது. அதற்குள் அரசு செலவிட்ட தொகை ஏறக்குறைய 17,000 பவுன்.

குற்றம் முழுவதும் பிறர் மேல் என்று நான் சொல்லமாட்டேன். பாபேஜ் எளிதில் சினம் கொள்பவர். ஆதரவு தர வேண்டியவர்களையே பகைத்துக்கொள்பவர். தெருவில் இசைப்பெட்டி வாசித்தவர்களோடும் பல ஆண்டுகள் வழக்காடியவர். எல்லாவற்றினும் மேலாக, ஒரு பொறி முடியுமுன்னே அதனினும் சிறந்த மற்றொன்றை எண்ணிவிடுவார். 1834-இல் அப்படி அவர் உள்ளத்தில் தோன்றியதுதான் பகுப்பாய்வுப் பொறி.

தறியிலிருந்து பிறந்த கட்டளை

வேறுபாட்டுப் பொறி ஒரு வகைக் கணக்கை மட்டும் செய்யும். பகுப்பாய்வுப் பொறியோ எந்தக் கணக்கையும் செய்ய வேண்டும். எண்களை வைத்துக்கொள்ள ஒரு பண்டசாலை. கணக்கைச் செய்ய ஓர் ஆலை. என்ன செய்வது என்று கட்டளையிடத் துளையிட்ட அட்டைகள். இவ்வட்டைகளைப் பிரெஞ்சு நாட்டு ஜக்கார்டின் நெசவுத் தறியிலிருந்து பாபேஜ் எடுத்துக்கொண்டார்.

நான் காஞ்சிபுரத்துப் பிள்ளை. எங்கள் தெருவில் பட்டுத் தறிகளின் மேலே ஜக்கார்டு பெட்டியும், அதில் மாலைபோல் தொங்கும் துளை அட்டைகளும் நான் பிறந்தது முதல் கண்டவை. துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழையும். இல்லாத இடத்தில் நுழையாது. அதற்கேற்பப் பாவு நூல் எழும். சேலையில் மயில் எழும். நிரல் எழுதக் கற்க வடநாடு வந்தவன், நிரலின் மூதாதையை வீட்டுத் திண்ணையிலேயே விட்டு வந்திருக்கிறேன் என்பதை இங்கே வந்துதான் அறிந்தேன்.

1840-இல் பாபேஜ் இத்தாலியின் தூரின் நகரில் தம் பொறியை அறிஞர்களுக்கு விளக்கினார். அங்கிருந்த மெனாப்ரியா என்ற பொறியாளர் அதனைக் கட்டுரையாக்கி 1842-இல் வெளியிட்டார். கவிஞர் பைரனின் மகளான ஏடா லவ்லேஸ் அம்மையார் அக்கட்டுரையை ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தைவிடப் பெரிய குறிப்புகளைச் சேர்த்து 1843-இல் பதிப்பித்தார். பெர்னூலி எண்கள் என்ற வரிசையைப் பொறி எப்படிக் கணிக்கும் என்பதை அவர் படிப்படியாக எழுதிக் காட்டினார். இவ்வெண்கள் தொடக்கத்தில் சிறு பின்னங்களாய் இருந்து, போகப்போகப் பருத்துக்கொண்டே போகும். முப்பதாம் பெர்னூலி எண்ணின் தொகுதி 8615841276005, பகுதி 14322. இன்னும் போனால் எந்தப் பொறியின் அளவையும் மீறிவிடும். அப்போது என்ன செய்வது? இதுதான் நம் பொருளுக்கு மையமான வினா.

எண்ணைத் துண்டாக்கிய வழி

சக்கரங்களை அடுக்கிய தூண் ஒன்றில் ஐம்பது சக்கரம் இருந்தால் ஐம்பது இலக்கம்தான் நிற்கும். நூறு இலக்க எண் வந்தால்? இன்னும் உயரமான தூண் செய்யலாம். ஆயிரம் இலக்கம் வந்தால்? எத்தனை உயரம் வைத்தாலும் அதனை மிஞ்சும் எண் உண்டு. எண்ணுக்கு முடிவில்லை, இரும்புக்கு முடிவுண்டு.

பாபேஜ் 1864-ஆம் ஆண்டு நூலில் இதற்கு விடை கூறுகிறார். நூறு இலக்க எண்ணை ஐம்பது ஐம்பதாக இரு துண்டாக்கி இரு தூண்களில் வையுங்கள் என்பதே அவ்விடை. இதனைச் சிறிய எண்ணால் விளக்குகிறேன். தூணில் இரண்டு இலக்கமே நிற்கும் என்று கொள்வோம். 4637 என்பதை 46, 37 என்றும், 2385 என்பதை 23, 85 என்றும் வெட்டுவோம். கூட்ட வேண்டுமாயின் 37-உம் 85-உம் 122. 22 போட்டு மிச்சம் ஒன்று. 46-உம் 23-உம் அந்த மிச்சம் ஒன்றும் சேர்ந்து 70. விடை 7022. பள்ளியில் ஓர் இலக்கம் ஓர் இலக்கமாகச் செய்ததை இங்கே துண்டு துண்டாகச் செய்கிறோம், அவ்வளவே.

பெருக்கலுக்கோ நான்கு சிறு பெருக்கல் வேண்டும். 46-ஐ 23-ஆல் பெருக்க 1058. 46-ஐ 85-ஆல் பெருக்க 3910. 37-ஐ 23-ஆல் பெருக்க 851. 37-ஐ 85-ஆல் பெருக்க 3145. இவற்றை உரிய இடத்தில் வைத்துக் கூட்டினால் 11059245 வந்துவிடும். ஆனால் ஒரு விலை உண்டு. துண்டு இரண்டானால் காலம் ஏறத்தாழ நான்கு மடங்கு. மூன்றானால் ஒன்பது மடங்கு. இதனையும் பாபேஜ் மறைக்காமல் கணக்கிட்டுச் சொல்கிறார்.

அளவற்ற இடத்தை அடைக்கும் பொறியை மனிதனால் செய்ய முடியாது. அளவுள்ள பொறியை அளவற்ற காலம் ஓட்ட முடியும். இடத்தின் முடிவின்மையைக் காலத்தின் முடிவின்மையாக மாற்றிக்கொள்வதே தம் பொறியின் நெறி என்று அவர் கண்டார். இந்தப் பகுதியைப் படித்தபோது, என் பிழை எங்கே என்பது தெளிவாயிற்று. நான் நீண்ட எண்ணைக் குட்டையான தூணில் திணித்திருந்தேன்.

மிச்சம் ஒன்றைக் கொண்டுசெல்வதிலும் அவர் பெரும்பாடு பட்டார். 99999 என்பதோடு ஒன்றைக் கூட்டினால் மிச்சம் ஒரு சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று கடைசிவரை ஓட வேண்டும். இலக்கம் மிகுந்தால் இந்த ஓட்டத்துக்கே நேரம் போய்விடும். எங்கெல்லாம் ஒன்பது நிற்கிறது என்பதை முன்கூட்டியே உணர்ந்து, மிச்சங்களை ஒரே வீச்சில் கொண்டுசெல்லும் அமைப்பைப் பல முறை வரைந்து, அழித்து, மீண்டும் வரைந்து முடித்தார். இன்றைய மின்னணுக் கூட்டற் சுற்றுகளிலும் இதே கருத்து வேறு வடிவில் வழங்குகிறது.

இன்றைய மொழிகளில்

இனி என் இரு நிரல்களுக்கு வருவோம். இன்றைய கணிப்பொறியின் தூண் 64 பிட் உயரம். கூட்டல் கழித்தல் குறியோடு அதில் நிற்கக்கூடிய மிகப் பெரிய முழு எண் 9223372036854775807. ஒன்று முதல் 20 வரை பெருக்கினால் வரும் 2432902008176640000 அதில் அடங்கும். 21-ஆல் பெருக்கியதும் தூண் நிரம்பி வழியும். வழிந்த பகுதி ஓசையின்றிக் கீழே போய், மீந்த பகுதி விடை போல் நிற்கும். என் பொறியில் 21 வரைக்கும், 22 வரைக்கும் கழித்தல் குறியோடு எண்கள் வந்தன. அவற்றைப் பார்த்திருந்தால் விழித்திருப்பேன். நான் கேட்ட 23-இலோ அது மீண்டும் கூட்டல் எண்ணாகி, நல்ல விடை போலவே வேடமிட்டது. சி மொழியின் விதிப்படி, குறியுள்ள முழு எண் நிரம்பி வழிந்தால் இன்னதுதான் நடக்கும் என்ற உறுதியே கிடையாது.

பைத்தான் அப்படியன்று. அது எண்ணை, பெரும்பாலும் 30 பிட் அளவான துண்டுகளாக வெட்டி அடுக்கி வைக்கிறது. எண் வளர்ந்தால் துண்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறது. நினைவகம் உள்ளவரை எல்லை இல்லை. 2008-இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் அம்மொழியில் முழு எண் என்றாலே இவ்வகைதான். லிஸ்ப் மொழியின் கிளைகளில் 1970-களிலேயே இவ்வசதி இருந்தது. ஸ்கீம், ரூபி ஆகியவற்றிலும் உண்டு. ஜாவாவில் வேண்டுவோர் தனி வகுப்பைக் கேட்டுப் பெற வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் 2020-இல் இதனைத் தன் விதிகளில் சேர்த்துக்கொண்டது. சி மொழியில் எழுதுவோர்க்கு 1991 முதல் ஜி.எம்.பி. என்ற நூலகம் துணை நிற்கிறது. ஸ்விஃப்ட் மொழி தூணை உயர்த்துவதில்லை. ஆனால் நிரம்பி வழிந்தால் நிரலையே நிறுத்திவிடும். இதுவும் பாபேஜ் நெறிதான்.

எல்லா மொழிகளும் ஏன் இவ்வாறு செய்யவில்லை என்று கேட்பீர்கள். காலம்தான் காரணம். தூணில் அடங்கும் இரு எண்களைக் கூட்டப் பொறிக்கு ஒரே கட்டளை போதும். துண்டு எண்களுக்கோ நினைவகத்தில் இடம் தேட வேண்டும், துண்டுகளை எண்ண வேண்டும், மிச்சத்தைக் கடத்த வேண்டும். விரைவே உயிரான பணிகளில் அச்செலவு தாங்காது. பாபேஜ் சொன்ன விலை இன்றும் விலைதான். நீண்ட எண்ணைப் பதின்ம இலக்கமாக எழுதிக் காட்டவே பெருநேரம் ஆகும். அதனைத் தீயோர் பயன்படுத்திப் பிறர் பொறியைத் திணறடிக்கக் கூடும் என்று, 2022 முதல் பைத்தான் அவ்வகை மாற்றத்துக்கு 4300 இலக்கம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வேண்டுவோர் அவ்வரம்பை மாற்றிக்கொள்ளலாம்.

அந்த விலையைக் குறைத்தவர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். நான்கு பெருக்கலுக்குக் குறைந்து முடியாது என்றே நெடுங்காலம் எண்ணினர். 1960-இல் மாஸ்கோவில் பேரறிஞர் கொல்மொகோரோவ் நடத்திய கருத்தரங்கில் அமர்ந்திருந்த கராட்சுபா என்ற மாணவர், மூன்றே போதும் என்று ஒரு வாரத்துக்குள் காட்டிவிட்டார். நம் எடுத்துக்காட்டில் 46-உம் 37-உம் சேர்ந்து 83. 23-உம் 85-உம் சேர்ந்து 108. இவற்றைப் பெருக்க 8964. அதிலிருந்து 1058-ஐயும் 3145-ஐயும் கழித்தால் 4761. முன்னே இரண்டு பெருக்கலால் பெற்ற 3910, 851 ஆகியவற்றின் கூட்டுத்தொகையும் அதுவே! எண்கள் மிக நீளும்போது பைத்தானும் இவ்வழியையே கையாளுகிறது. அன்று கராட்சுபாவுக்கு வயது இருபத்து மூன்று. எனக்கும் இன்று அதே வயது. அவர் ஒரு கருத்தரங்கில் இருந்து எதைக் கொண்டு போனார், நான் ஒரு கருத்தரங்கில் இருந்து எதைக் கொண்டு வந்தேன் என்று எண்ணிப் பார்த்து எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன்.

இறுதி நாட்கள்

பாபேஜ் 1847 முதல் 1849 வரை, வேறுபாட்டுப் பொறியை மிகக் குறைந்த உறுப்புகளோடு மீண்டும் வரைந்தார். அதனையும் அரசு ஏற்கவில்லை. சுவீடன் நாட்டு ஷூட்ஸ் என்ற தந்தையும் மகனும் அவர் கருத்தைத் தழுவி ஒரு பொறி செய்தபோது, பொறாமைப்படாமல் அவர்களைப் பாராட்டி ஆதரித்தார். தாம் முடிக்காததைப் பிறர் முடித்ததைக் கண்டு மகிழ்ந்த அந்த உள்ளம், அவருடைய சினத்தை எல்லாம் மறக்கச் செய்கிறது.

1871-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள், இலண்டனில் தம் இல்லத்தில் பாபேஜ் உயிர் நீத்தார். வயது 79. அவர் கனவு கண்ட பொறிகளில் ஒன்றுகூட முழுமையாக எழுந்து நிற்கவில்லை. இந்தியாவில் படையதிகாரியாய் இருந்து ஓய்வு பெற்ற அவர் மகன் ஹென்றி, பகுப்பாய்வுப் பொறியின் ஆலைப் பகுதியை மட்டும் அமைத்தார். இலண்டன் அறிவியல் காட்சிச்சாலை, பாபேஜ் 1849-இல் முடித்த வரைபடங்களைக் கொண்டு வேறுபாட்டுப் பொறியின் கணிக்கும் பகுதியை 1991-இல் கட்டி முடித்தது. அது 31 இலக்க எண்களைப் பிழையின்றிக் கணித்தது. அவர் வரைந்தது சரியே என்று உலகம் அறிய, அவர் பிறந்து இருநூறு ஆண்டு ஆகவேண்டியிருந்தது.

முடிவற்ற எண்ணுக்கு முடிவற்ற காலம் கொடுங்கள் என்றவர் பாபேஜ். அவருக்கோ ஒரு பொறியை முடிக்கும் காலமும் கிட்டவில்லை. இன்று நிரலாக்க மொழிகளை வகுப்போர் அவர் நூலைப் படித்துத்தான் இவ்வழியைக் கண்டனர் என்று நான் கூறத் துணியேன். மறந்துபோன ஒன்றை மீண்டும் பலர் தாமே கண்டிருக்கக்கூடும். ஆனாலும் பொறி சிறிது என்பதற்காக எண்ணைக் குறுக்காதே என்றும், விடை தெரியாவிடில் நில், பொய் சொல்லாதே என்றும் பொறிகளுக்குக் கற்பிக்க முயன்றவர்களில் அவரே மூத்தவர் என்பேன்.

தோழர்களே! நம்மில் பலர் நாளை ஆய்வுக் கூடங்களிலும் அலுவலகங்களிலும் கணிப்பொறியின் முன் அமரப் போகிறோம். பாலத்தின் எடையையும், மருந்தின் அளவையும், பிறர் பணத்தையும் நம் நிரல்கள் எண்ணப் போகின்றன. அந்நாளில் எந்த மொழியில் எழுதினாலும், என் எண் இத்தூணில் அடங்குமா, அடங்காவிடில் பொறி என்ன செய்யும் என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். விடை வந்தபின் அதன் கடைசி இலக்கத்தையும் ஒரு முறை பாருங்கள். நான் பார்க்கத் தவறியதால் ஒரு நண்பரின் இரண்டு வாரம் வீணாயிற்று. அதன்பின் என் நிரல்களை அவரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வது என் வழக்கமாகிவிட்டது. அவரும் முகம் சுளிக்காமல் பார்த்துத் தருகிறார்.